பதினைந்து கிலோ மண்புழு

சுலோசனாவுக்கு எளிதில் எதன்மீதும் அருவருப்பு வராது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பின் கடைசி வரிசையில் அவள் வீடு. பின்பக்கம் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே நான்கு சிமென்ட் தொட்டிகள். சாணம், வாழை மட்டை, மார்க்கெட்டில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை எல்லாம் அதில் அழுகிக்கொண்டிருக்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கிளறி, பிடி நிறைய மண்புழுவை அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுத் தாயம்மாள் துணி காயப்போட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள்.

"எப்படிக்கா தொடுறீங்க இதையெல்லாம்?"

"சாணம்னா என்ன தாயம்மா, மாடு தின்ன புல்லுதானே. புழுவுக்கு எலும்புகூடக் கிடையாது. பாவம், அது என்னை என்ன செய்யப்போவுது?"

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பத்திரண்டு வருடம். கணவர் ராமன் தொழிற்சாலையில் வெல்டர். மகள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனபிறகு மண்புழு உரம் தயாரிக்கும் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனாள் சுலோசனா. வரும்போது ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் நூறு புழு கொண்டுவந்தாள். எட்டு வருடத்தில் அது நான்கு தொட்டி ஆகிவிட்டது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அவளுடைய உரத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, கோகுல்நாத் என்று ஒருவன் போன் செய்தான். வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி நிலம் வாங்கி, ஐந்து ஐந்து சென்டாகப் பிரித்து, 'பசுந்தரை இயற்கைப் பண்ணை மனைகள்' என்று விற்கிறதாம். அவன் அதன் விற்பனை மேலாளராம்.

"ஞாயித்துக்கிழமை எங்களுக்குத் திறப்பு விழாம்மா. பதினஞ்சு கிலோ புழு வேணும். சனிக்கிழமை சாயங்காலமே சைட்டுக்கு வந்துடணும்."

"பதினஞ்சு கிலோவா? கிலோவுக்கு ஆயிரம் புழு நிக்கும் தம்பி. நிலத்துல தொழு உரம் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அதெல்லாம் எங்க அக்ரி டீம் பாத்துக்கும்மா."

"என்கிட்ட இருக்கிறது சாணத்துலயும் மக்குன குப்பையிலயும் வாழுற புழு. வயலுக்குள்ள வாழுறது நாட்டுப்புழு, அது வேற. அப்படியே மண்ணுல கொட்டினா..."

"உங்க அனுபவம் எங்களுக்கு வேணும்மா. நேர்ல வாங்க, பேசிக்கலாம்," என்றான் கோகுல்நாத், சர்க்கரைப் பாகு மாதிரி.

அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். தொட்டிச் செடிக்கும் கறிவேப்பிலைக் கன்றுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த புழு முதல் தடவையாக நிலத்துக்குப் போகப்போகிறது. இரண்டு தொட்டியைக் காலி செய்து எட்டுப் பிளாஸ்டிக் கூடைகளில் ஈரச் சாக்கு விரித்து நிரப்பினாள். டிரைவர் வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான் என்று பயந்து, சனிக்கிழமை மதியம் குட்டி யானை சரக்கு வண்டியில் அவளும் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

திருநின்றவூர் தாண்டி, வேப்பம்பட்டு ரயில்வே கேட்டுக்கு அப்புறம் மண்பாதையில் வண்டி திரும்பியது. துணி வளைவு கட்டியிருந்தார்கள். அதில் அச்சடித்த படத்தில் ஒரு குழந்தை இரண்டு கையிலும் மண்ணை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தது. வளைவைத் தாண்டி இறங்கிய சுலோசனாவின் மூக்கில் முதலில் அடித்தது நாற்றம். பூண்டு அழுகி, அதில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி. சாக்கடை நாற்றமும் செத்த எலி நாற்றமும் அவளுக்குப் பழக்கம்தான். இது அப்படி இல்லை. தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

தரையைப் பார்த்தாள். முந்தாநாள் நல்ல மழை பெய்திருந்தது. ஆனால் வடித்த கஞ்சி காய்ந்துபோன மாதிரி சாம்பல் வெள்ளையில் ஒரு பொருக்கு நிலம் முழுக்கப் படிந்திருந்தது. வரப்பில் புல் நின்றது, நின்றபடியே வைக்கோலாகக் கருகி. செருப்புக் காலால் பொருக்கை உடைத்தாள். கீழே செங்கல் மாதிரி கட்டி. விரலால் குத்தினால் இறங்கவில்லை. ஒரு துண்டைப் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனாள். மழை பெய்த மண்ணுக்கு ஒரு வாசம் இருக்குமே, அது துளியும் இல்லை. அந்த மருந்து நாற்றம் மட்டும். எறும்புகூட ஒன்று கண்ணில் படவில்லை.

"இன்னாமா, புழு எட்டாந்தியா?"

அறுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள். காவலாளிச் சட்டைக்குக் கீழே லுங்கி. எத்திராஜ் என்று பெயர் சொன்னார்.

"இங்க உடாதம்மா. பாவம் செத்துப்பூடும்."

"ஏண்ணே?"

"நான் தான்மா இத்த குத்தகைக்கு ஓட்டிக்கினு இருந்தவன். பதினாலு வருசம் கீரை. அரைக்கீரை, சிறுகீரை, மொளக்கீரை. ஓனரு இவங்களுக்கு வித்துட்டாரு, இப்ப நான் வாட்ச்மேனு." அவர் குந்தி உட்கார்ந்தார். "மொத வருசம் கொத்துனா மண்புழு கத்த கத்தையா வரும். எங்க ஊட்டுக் கோழிங்க மம்மட்டி சத்தம் கேட்டாலே ஓடியாந்துடும். அப்பறம் பூச்சி வந்துச்சு. வெதைக்கும்போதே குருணை மருந்து தூவணும்னான் கடைக்காரன். மொளைச்சா யூரியா. நாலு நாளைக்கு ஒருக்கா ஸ்பிரே. ஒரு மூட்ட யூரியால வந்த கீரை அப்பறம் மூணு மூட்ட கேட்டுது. பறிக்கறதுக்கு மொத நாள்கூட அடிப்போம். அப்பத்தான் எல பளபளன்னு நிக்கும்."

"பறிக்கிறதுக்கு முதல் நாளா?"

"ஓட்ட உழுந்த கீரைய எவன்மா வாங்குவான்? நீ வாங்குவியா?"

அவள் வாங்கமாட்டாள். கட்டைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை இல்லாததாகத்தான் பொறுக்கி எடுப்பாள்.

"உங்க வீட்டுலயும் இதைத்தான் சாப்பிட்டீங்களா?"

"அய்ய, இத்தையா?" அவர் நிஜமாகவே முகத்தைச் சுளித்தார். "கெணத்தாண்ட தனியா ரெண்டு பாத்தி. அதுல ஒண்ணியும் அடிக்கமாட்டேன். ஊட்டுக்கு அதுலதான் பறிப்போம்."

வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வெளியே போவேன் என்று சொல்கிற மாதிரி இயல்பாகச் சொன்னார். கூச்சமே இல்லை.

"மத்ததெல்லாம் எங்க போச்சு?"

"ஆவடி மார்க்கெட்டு. பருத்திப்பட்டு ஃப்ளாட்டுங்க. ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம்கூட நாகப்பன்னு ஒருத்தன் வண்டில எட்டாருவானே."

நாகப்பனிடம்தான் அவள் செவ்வாயும் வெள்ளியும் கீரை வாங்குகிறாள். பருப்புப் போட்டுக் கடைந்து, ராமனுக்கு டிபன் கேரியரில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கீரைத்தண்டை நறுக்கித் தொட்டியில் போட்டிருக்கிறாள். போன வருடம் இரண்டாம் தொட்டிப் புழு மொத்தமும் ஒரே வாரத்தில் செத்துக் கூழானது. சூடு ஏறிவிட்டது, தண்ணீர் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வாரம் அந்தத் தொட்டிக்கு அவள் போட்டது ஒரு கூடைக் கீரைத்தண்டு. சேலைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டாள்.

எத்திராஜ் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் அவளுக்கு மனமில்லை. வண்டியில் இருந்த தன் சாப்பாட்டு டப்பாவின் இரண்டு அடுக்கையும் கழுவினாள். ஒன்றில் பாதையோரப் புங்கமரத்தடி மண். இன்னொன்றில் நிலத்து மண். இரண்டையும் ஒரே அளவு நனைத்து, ஐந்து ஐந்து புழுவை விட்டாள். மரத்தடி மண்ணில் விட்டவை தலையை நுழைத்து இரண்டு நிமிடத்தில் மறைந்தன. நிலத்து மண்ணில் விட்டவை நுழையவில்லை. முடிச்சுப் போட்டதுபோல் சுருண்டன. துள்ளின. டப்பாவின் சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தன. ஒன்றின் நடுவுடம்பு வீங்கி, மஞ்சளாக நீர் கசிந்தது. எட்டு வருடமாகப் புழுவோடு இருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் கோகுல்நாத்தின் கார் வந்தது. முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் ருத்திராட்சம். டப்பாவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, இந்த மண்ணுல விடாதீங்க. சாகுது பாருங்க. முதல்ல பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழணும். சாணம், இலை தழை கொட்டணும். ரெண்டு மூணு வருசம் எந்த மருந்தும் படக்கூடாது. மண்ணு தேறுச்சுன்னா நாட்டுப்புழு தானா வரும். என் புழுவே தேவையில்லை."

அவன் டப்பாவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"அம்மா, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கஸ்டமர் வர்றாங்க. பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் இருந்தாப் போதும்."

"எது இருந்தா?"

"புழு."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்தபோது இவன் பக்கத்தில் நிற்பதே கூசியது. வண்டிப் பக்கம் திரும்பினாள். கூடைகளை ஆட்கள் அதற்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். பந்தலுக்கு எதிரே ஆறு மனைகளை மட்டும் எந்திரம் வைத்துக் கொத்தி, மேலே இரண்டு அங்குலத்துக்குச் செம்மண்ணும் தேங்காய் நார்த் தூளும் பரப்பியிருந்தார்கள். பார்த்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம்போல அவ்வளவு அழகு. நான்கு கூடையை ஏற்கெனவே கவிழ்த்தாகிவிட்டது. ஒருவன் மண்வெட்டியால் மூடிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்கப்பா!"

"வித்தாச்சு, வாங்கியாச்சும்மா," என்றான் கோகுல்நாத், குரல் மாறாமல். "வண்டி கிளம்புது பாருங்க, ஏறிக்குங்க."

அவள் ஏறிக்கொண்டாள். அதைத்தான் பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். கத்தவில்லை. மீதி நான்கு கூடையையாவது தூக்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். சோற்றைப் பிசைந்தால் அந்தப் பூண்டு நாற்றம் விரலிலிருந்து வந்தது.

"நீ வித்துட்ட. இனிமே அது அவங்க பொருள். விடு," என்றார் ராமன்.

"கோழிக்குப் போடுறேன்னு வாங்கியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அது ஒரு வேளைச் சோறு. இது என்னங்க? வேடிக்கை காட்டிக் கொல்றதுக்கு."

ராமன் தட்டில் இருந்த கீரையைப் பார்த்தார். அதை எடுத்துக் குப்பை வாளியில் கொட்டிவிட்டு வந்தாள் சுலோசனா.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கினாள். ஷேர் ஆட்டோ கிடைக்காமல் பாதித் தூரம் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. நாற்பது கார்களாவது நின்றன. பந்தலில் இளநீர், சுண்டல், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். நாற்றம் மறைய நாலா பக்கமும் சாம்பிராணி போட்டிருந்தார்கள்.

ஆறு மனையிலும் பிள்ளைகள் குட்டி மண்வெட்டிகளோடு இறங்கியிருந்தார்கள். அவர்கள் தோண்டவே வேண்டியிருக்கவில்லை. புழுக்கள் தாமாகவே மேலே வந்துகொண்டிருந்தன. கீழே இருந்த மண் தள்ள, மேலே இருந்த வெயில் சுட, இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் நெளிந்து, துள்ளி, ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டு. சில பாதி உடம்பு அறுந்து கிடந்தன. சில கறுத்துச் சுருங்கிவிட்டன. செம்மண் அங்கங்கே கொழகொழவென்று மஞ்சளாக நனைந்திருந்தது.

"பாருங்க! எவ்வளவு புழு பாருங்க!" கோகுல்நாத் மைக்கில் கூவினான். "மண்ணு துடிக்குது! உயிரோட இருக்கிற மண்ணு இது!"

ஜனங்கள் கைதட்டினார்கள். பத்துப் பதினைந்து செல்போன்கள் தரைக்கு மேலே நீண்டன. ஒரு இளம்பெண் தன் கணவனிடம், "விக்ரம், நம்ம பால்கனித் தொட்டியில ஒண்ணு கூட இல்லையே, இங்க பாரேன்," என்று உண்மையான ஆசையோடு சொன்னாள். அவர்களுடைய மகளுக்கு ஐந்து வயது இருக்கும். இரண்டு கையிலும் புழுவை அள்ளி வைத்துக்கொண்டு ஓடி வந்தது. விரலிடுக்கில் மஞ்சள் நீர் வழிந்தது. அந்தப் பெண் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து நீட்ட, பிள்ளை புழுவைக் கீழே போட்டுவிட்டு அதே கையைப் பொட்டலத்துக்குள் விடப் போனது.

சுலோசனா பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வாயில வைக்காத கண்ணு! ஏம்மா, முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அந்தப் பெண் திடுக்கிட்டாள். "நீங்க யாரு?"

கோகுல்நாத் அவளைப் பார்த்துவிட்டான். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "இதோ, நம்ம மண்புழு அம்மாவே வந்துட்டாங்க! ஆவடியிலிருந்து! எட்டு வருச அனுபவம்! அம்மாவுக்கு ஒரு கைதட்டல் குடுங்க!" என்றான்.

கைதட்டினார்கள். கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. சுலோசனா குனிந்து ஒரு பிடி புழுவை அள்ளினாள். எட்டு வருடமாக அளைந்த புழுதான். இன்று அதன் வழவழப்பு தோலில் பட்டதும் உடம்பெல்லாம் அருவருத்தது.

"இது என் புழு. நேத்து சாயங்காலம் கூடையில கொண்டாந்து கொட்டினது," என்றாள். மைக் இல்லாமலேயே குரல் எட்டியது. "இந்த மண்ணுல பொறந்தது இல்லை. இதுங்க ஆடலை, சாகுது. கீழ பூராவும் மருந்து. பதினாலு வருசம் கீரைக்கு அடிச்ச மருந்து. மேல ரெண்டு அங்குலம்தான் செம்மண்ணு. வேணும்னா தோண்டிப் பாருங்க."

அந்த இளம்பெண், தீபிகா என்று கணவன் கூப்பிட்டான், பக்கத்தில் நின்ற ஒரு பையனின் மண்வெட்டியை வாங்கிக் குத்தினாள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே சாம்பல் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இங்க விளைஞ்ச கீரையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகத்தான் கேட்டாள்.

பந்தல் காலோடு ஒட்டி நின்ற எத்திராஜ், "நீங்க எங்கமா கீறீங்க?" என்றார்.

"பருத்திப்பட்டு. ஏரிக்கரை ஃப்ளாட்ஸ்."

"உங்களாண்டதான்மா வந்துச்சு."

தீபிகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினாள். இன்னொரு பெண் அங்கேயே இளநீரைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினாள். பத்துப் பன்னிரண்டு கார்கள் கிளம்பின. சுலோசனா மற்றவர்களும் கிளம்புவார்கள் என்று நினைத்தாள். விக்ரம் அவளிடம் வந்தான். படித்த, பணிவான பையன்.

"ஆன்ட்டி, இந்த மண்ணு சரியாக எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு வருசமாவது ஆகும் தம்பி. பாடுபட்டா."

"அதுக்குள்ள நாங்க எப்படியும் விக்கப்போறதுதான். ரீசேல் வேல்யூ இதனால குறையுமா?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால், கோகுல்நாத்தின் மேசையைச் சுற்றி இன்னும் ஒரு கூட்டம் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. தரையில் நெளிவதைச் செருப்பால் மிதித்துவிடாமல் கவனமாகத் தாண்டித் தாண்டி நின்றார்கள், செருப்பு வீணாகிவிடுமே.

அவள் போய்க் காலிக்கூடை ஒன்றை எடுத்துவந்து பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் எத்திராஜும் வந்து குந்தினார். மண்ணை உதறி உதறி, அசைகிறவற்றை மட்டும் எடுத்துப் போட்டார்.

"நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல்லம்மா," என்றார் குனிந்தபடியே.

"தெரியும்ணே. ஆனா தெரிஞ்சுதானே ரெண்டு பாத்தி தனியா வச்சீங்க."

வெயில் உச்சிக்கு வரும்வரை பொறுக்கினார்கள். பதினைந்து கிலோவில் இரண்டு கிலோ தேறியிருக்கும்.

வீட்டில் அவற்றை மற்றத் தொட்டிகளோடு சேர்க்காமல் ஒரு பழைய பக்கெட்டில் புதுச் சாணம் போட்டு விட்டாள். திங்கட்கிழமை பாதி செத்தது. புதன்கிழமை மூடியைத் திறந்தபோது கறுத்த கூழ் மட்டும் இருந்தது. அந்த நாற்றத்தில் ராமன் பின்கதவைச் சாத்திவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் தாயம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடிவந்தாள். "அக்கா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க! என் தங்கச்சி அனுப்பினா!"

பசுந்தரைக் கம்பெனியின் வீடியோ. புல்லாங்குழல் இசை. மெதுவாக்கப்பட்ட காட்சியில் ஆயிரம் புழு நெளிகிறது. சுலோசனா குனிகிறாள், ஒரு பிடி அள்ளுகிறாள், நிமிர்கிறாள். அவள் வாய் திறக்கிறது. சத்தம் இல்லை. மேலே எழுத்து ஓடுகிறது: 'மண்ணை நேசிக்கும் தாய் தேர்ந்தெடுத்த மண்.' கீழே பூவும் இதயமும் கைகூப்பலுமாக ஆயிரக்கணக்கில்.

"அழுற மாதிரி நிக்கிறீங்க, ரொம்ப உருக்கமா இருக்கு," என்றாள் தாயம்மாள்.

சுலோசனா அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. கோகுல்நாத்துக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. ஐந்து முறை செய்தாள்.

மறுநாள் காலை பக்கெட்டின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் போனாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட் அம்மாள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து போய்விட்டாள். மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு, வெள்ளைத் தரை, ஏசிக் குளிர். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து, "மேடம், அப்பாயின்ட்மென்ட்..." என்பதற்குள் உள்ளிருந்து கோகுல்நாத் வந்தான்.

"அம்மா! வாங்க வாங்க, வீடியோ பாத்தீங்களா?"

அவள் கயிற்றை அவிழ்த்தாள். அவன் காலடியில், அந்த வெள்ளைத் தரையில், பக்கெட்டைக் கவிழ்த்தாள்.

வரவேற்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மூக்கை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். கோகுல்நாத்தின் ஷூவிலும் கால்சட்டை நுனியிலும் கறுத்த கூழ் தெறித்திருந்தது. முதல் தடவையாக அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய், வெறும் முகம் தெரிந்தது.

"இதுதான் உன் மண்ணு. மோந்து பாரு," என்றாள். "என் மூஞ்சியை எடுத்துடு. எடுக்கிறவரைக்கும் நான் போகமாட்டேன்."

அவன் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டே போனில் எதையோ தட்டினான். திரையை அவள் பக்கம் காட்டினான். வீடியோ இல்லை.

"மனை விக்கிறது?"

"அது... போய்க்கிட்டுதாம்மா இருக்கு. இருபத்திரண்டு புக்கிங் ஆயிடுச்சு." பழைய குரல் அதற்குள் பாதி திரும்பியிருந்தது. பிறகு உள்பக்கம் திரும்பிக் கத்தினான். "வேம்புலி! மாப் எடுத்துக்கிட்டு வா! சீக்கிரம்!"

உள்ளிருந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வாளியும் மாப்புமாக வந்தாள். நீலச் சேலை, காலில் செருப்பில்லை. தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். கண்ணில் நீர் கட்டியது, நாற்றத்தில்தான்.

"இன்னாமா இது..."

சுலோசனாவுக்கு முகம் எரிந்தது. இங்கே கொட்டினால் இதை யார் வழிப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. வழி முழுக்கக் கோகுல்நாத்தின் முகத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"நீங்க தள்ளிக்குங்கம்மா. நான் கொட்டினது, நானே அள்ளுறேன். கையை வைக்காதீங்க, இதுல விஷம் இருக்கு."

"உங்க கையி மட்டும் இன்னா இரும்பா?" வேம்புலியம்மாள் உள்ளே போய் இரண்டு பாலித்தீன் பையும் ஒரு தகரத் துண்டும் கொண்டுவந்தாள். சுலோசனாவின் கையில் ஒரு பையை மாட்டி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

சுலோசனா வழித்து வழித்துப் பக்கெட்டில் போட்டாள். வேம்புலியம்மாள் பினாயில் ஊற்றித் துடைத்தாள். சுவரோரம் நின்ற யாரும் அருகே வரவில்லை. கோகுல்நாத் ஷூவைக் கழற்றி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். முக்கால் மணி நேரம் ஆனது.

கீழே இறங்கிச் சாலைக்கு வந்து நின்றபோதுதான் இதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. செத்த புழு, அழுகிய காய், உதிர்ந்த இலை, எதுவானாலும் தொட்டிக்குத்தான் திரும்பப் போகும். எட்டு வருடத்தில், அந்தச் சனிக்கிழமைக் கீரையைத் தவிர, அவள் வீட்டிலிருந்து அந்த மாதிரி எதுவும் வெளியே போனதில்லை. இதைத் தொட்டியில் போட முடியாது. மரத்தடியில் புதைக்கலாம் என்றால், அந்த மண் என்ன பாவம் செய்தது? சாக்கடையில் கொட்டினால் ஏரிக்குப் போகும்.

லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வெகுநேரம் நின்றாள். கடைசியில் ஒரு பெட்டிக்கடையில் இரண்டு பெரிய பைகள் வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று போட்டு, கூழைக் கொட்டி, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினாள். மாநகராட்சிக் குப்பை வண்டி வந்ததும் மற்றவர்களைப்போல அவளும் அதில் வீசினாள். கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆவடி பஸ்ஸுக்கு நடந்தாள்.